நாய்க்குப் பச்சை இறைச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய்க்குப் பச்சை இறைச்சி கொடுக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது கிருமியைப் பற்றித்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கிருமியைச் சமையலறையிலேயே பெருமளவு அடக்கிவிடலாம். வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் நாயைக் கெடுப்பது சத்துக் கணக்கில் விழும் ஓட்டை. அதனால் இங்கே கணக்கு முதலில் வருகிறது, கிருமி அதற்கு அடுத்து.

பச்சை இறைச்சி உணவு என்றால் தினமும் கறி போடுவதா?

இல்லை. ஒரு விலங்கின் உடம்பில் உள்ளதை ஏறக்குறைய அதே அளவில் தருவதுதான் இந்த முறை. 80 பங்கு சதைக்கறி, 10 பங்கு மெல்லக்கூடிய எலும்பு, 10 பங்கு உள்ளுறுப்பு என்பது பலர் பின்பற்றும் விகிதம். அந்த 10 பங்கு உள்ளுறுப்பில் பாதி ஈரல். மீதிப் பாதி கிட்னி, மண்ணீரல் போன்றவை. இதயமும் கோழியின் இரைப்பையும் உள்ளுறுப்புக் கணக்கில் சேராது, அவை தசை. சதைக்கறியோடுதான் எண்ண வேண்டும். ஈரலுக்குப் பதில் இதயத்தைப் போட்டுவிட்டு உள்ளுறுப்பு கொடுத்தாயிற்று என்று நினைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை.

ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993 முதல் பரப்பிவரும் இன்னொரு வகையில் காய்கறி, பழம், முட்டையும் சேரும்.

நாய் ஓநாய் வழி வந்ததுதானே? மாவுச்சத்து அதற்கு ஆகாது என்கிறார்களே?

ஆகும். மனிதரோடு வாழ்ந்த காலத்தில் நாயின் குடல் மாறிவிட்டது. 2013-ல் வெளியான மரபணு ஆய்வில், மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஏஎம்ஒய்2பி மரபணு ஓநாய்க்கு 2 பிரதிகளும் நாய்க்கு 4 முதல் 30 பிரதிகள் வரையும் இருப்பது தெரிந்தது. வேகவைத்த அரிசியோ கிழங்கோ கொஞ்சம் சேர்ந்தால் நாய்க்குக் கெடுதல் இல்லை. ஓநாயைக் காட்டி உணவு முறையை முடிவு செய்யாதீர்கள். காட்டு ஓநாய் பொதுவாகச் சில ஆண்டுகளே வாழ்கிறது. உங்கள் நாய் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு நோயில்லாமல் வாழ வேண்டும்.

எலும்பு இல்லாமல் கறி மட்டும் போட்டால் என்ன ஆகும்?

பச்சை இறைச்சியில் மோசமான சேதம் இங்கிருந்துதான் வருகிறது. 100 கிராம் சதைக்கறியில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம் இருக்கும். கால்சியம் 10 முதல் 20 மில்லிகிராம்தான். நாய்க்கோ கால்சியம் குறைந்தது பாஸ்பரஸ் அளவாவது வேண்டும், அதிகபட்சம் அதன் இரு மடங்கு வரை போகலாம். கறி மட்டும் தின்னும் நாயின் ரத்தத்தில் கால்சியம் குறையப் பார்க்கும். உடனே கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி, எலும்பைக் கரைத்து ரத்தத்துக்குக் கால்சியம் அனுப்பும். நாய் சுறுசுறுப்பாக ஓடும், ரோமம் பளபளக்கும், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். உள்ளே எலும்பு மெலிந்துகொண்டிருக்கும்.

வளரும் குட்டியில் இது சில வாரங்களிலேயே வெளிப்படும். படியேறத் தயங்கும், பின்கால் நொண்டும், தூக்கினால் கத்தும், முன்பாதம் தட்டையாக விரியும். சோபாவிலிருந்து குதித்ததற்கே கால் முறியும். வளர்ந்த நாய் பல மாதம் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் ‘ஒரு வருஷமா கறிதான் போடறேன், நல்லாத்தான் இருக்கு’ என்ற பேச்சை நம்ப முடியாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். நடுத்தர நாய்க்கு அது பொருந்தும். சின்ன நாயைப் பட்டினி போடும், பெரிய நாயைக் கொழுக்க வைக்கும். உடல் சிறியதாக இருந்தால் ஒரு கிலோ எடைக்கு ஆகும் சக்திச் செலவு அதிகம் என்பதே காரணம்.

சரியான கணக்கு இது: எடையை (கிலோவில்) 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்கினால், சும்மா இருக்கும்போது ஒரு நாளைக்குத் தேவைப்படும் கிலோ கலோரி கிடைக்கும். கருத்தடை செய்த, ஓரளவு நடமாடும் வளர்ந்த நாய்க்கு அதை 1.4 முதல் 1.6 வரை பெருக்கலாம். நடுவில் 1.5 என்று வைத்து, 100 கிராம் உணவில் 190 கிலோ கலோரி இருப்பதாகக் கொண்டால், 4 கிலோ நாய்க்குச் சுமார் 155 கிராம், 20 கிலோ நாய்க்கு 520 கிராம், 40 கிலோ நாய்க்கு 880 கிராம் வரும். சதவீதமாகப் பார்த்தால் முறையே 3.9, 2.6, 2.2.

இது தொடக்கம்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள், விலாவைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலேயே விலா எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. பத்து சதவீதம் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள்.

20 கிலோ நாயின் ஒரு நாள் தட்டில் என்னென்ன, எத்தனை கிராம்?

மொத்தம் 500 கிராம் என்று எடுத்துக்கொள்வோம். தேவையான எலும்பு 50 கிராம். கோழி இறக்கையில் கிட்டத்தட்ட 46 சதவீதம் எலும்பு, ஆக 110 கிராம் இறக்கை போட்டால் 50 கிராம் எலும்பும் 60 கிராம் சதையும் தோலும் வந்துவிடும். அதோடு 340 கிராம் எலும்பில்லாத கறி, 25 கிராம் ஈரல், 25 கிராம் கிட்னி அல்லது மண்ணீரல். கூட்டினால் 500.

எலும்புள்ள துண்டின் எடையையே எலும்பின் எடையாக எண்ணிவிடாதீர்கள். 50 கிராம் இறக்கை போட்டால் கிடைப்பது 23 கிராம் எலும்புதான். கோழிக்காலில் சுமார் 30 சதவீதமும் கோழிப் பாதத்தில் சுமார் 60 சதவீதமும் எலும்பு. எந்தத் துண்டு கிடைக்கிறதோ அதற்கேற்பக் கணக்கை மாற்ற வேண்டும். கிராம் காட்டும் சமையலறைத் தராசு இல்லாமல் இந்த உணவு முறைக்குள் இறங்க வேண்டாம்.

80:10:10 விகிதத்தைப் பிடித்தால் எல்லாச் சத்தும் கிடைத்துவிடும்தானே?

கிடைக்காது. வைட்டமின் ஈ, வைட்டமின் டி, அயோடின், மாங்கனீசு, துத்தநாகம், ஒமேகா-3 ஆகியவை இந்தத் தட்டில் வழக்கமாகக் குறையும்.

துத்தநாகத்தைப் பாருங்கள். 1000 கிலோ கலோரிக்கு (மேலே சொன்ன 500 கிராம் தட்டு ஏறக்குறைய அவ்வளவு) நாய்க்கு 15 மில்லிகிராம் வேண்டும். மேலே சொன்ன 340 கிராம் கறி கொழுப்பு குறைந்த மாட்டிறைச்சியாக இருந்தால் அதிலேயே சுமார் 17 மில்லிகிராம் வந்துவிடும். அதே அளவு கோழிக்கறியில் 3 முதல் 7 மில்லிகிராம்தான். கோழியை மட்டுமே நம்பி ஓட்டும் வீடுகளில் மூக்கைச் சுற்றித் தோல் தடித்துச் செதில் உதிர்வதற்கும் பாதம் வெடிப்பதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். கொழுப்பு குறைந்த செந்நிற இறைச்சி வாரத்தில் பாதி நாளாவது தட்டில் இருக்கட்டும்.

மாங்கனீசு இன்னும் மோசம். தேவை 1.2 மில்லிகிராம், கறியில் அது இல்லை என்றே சொல்லலாம். கடல் மட்டிச் சதை 35 முதல் 40 கிராம் வேகவைத்துச் சேர்த்தால் சரியாகிவிடும். வைட்டமின் டி-க்கும் ஒமேகா-3-க்கும் மத்தி போன்ற எண்ணெய்ச் சத்துள்ள சிறு மீன் நல்லது. கறியிலுள்ள வைட்டமின் ஈ போதாது, அதைத் தனியாகத் தர வேண்டும். மீன் எண்ணெய் கொடுத்தால் தேவை இன்னும் கூடும். அயோடினுக்குக் கெல்ப் கடல்பாசிப் பொடி உண்டு. ஆனால் ஒரு பொடிக்கும் இன்னொன்றுக்கும் அயோடின் அளவு பல மடங்கு வேறுபடும். ஒரு கிராமில் எத்தனை மைக்ரோகிராம் என்று அச்சிடாத பொடியை வாங்காதீர்கள்.

நீண்ட நாள் இதையே கொடுக்கப் போகிறீர்கள் என்றால் விலங்குச் சத்துணவில் சிறப்புப் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை உங்கள் நாய்க்கென்று அளவு எழுதி வாங்குங்கள். ‘வாரம் முழுக்கக் கலந்து கலந்து போட்டால் தானே சமன் ஆகிவிடும்’ என்பது எல்லாச் சத்தும் வாரத்தின் ஏதாவதொரு நாள் தட்டில் இருந்தால்தான் உண்மை. எந்த நாளும் மாங்கனீசு இல்லாத ஏழு நாளைக் கூட்டினாலும் மாங்கனீசு வராது.

ஈரலை ஆசையாகத் தின்கிறது. கூடுதலாகக் கொடுக்கலாமா?

வேண்டாம். 25 கிராம் மாட்டு ஈரலிலேயே சுமார் 1,200 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ இருக்கிறது. 1000 கிலோ கலோரி தின்னும் நாய்க்கு வேண்டியது சுமார் 380 மட்டும். மாதக்கணக்கில் ஈரலே பிரதானமாகப் போனால் கழுத்தெலும்பும் மூட்டும் இறுகும். செம்பும் கவலைக்குரியது. மாட்டு ஈரலில் கோழி ஈரலைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு செம்பு. பெட்லிங்டன் டெரியர், லாப்ரடார் போன்ற இனங்களில் செம்பு உடலில் தங்கிக் கல்லீரலைக் கெடுக்கும் பரம்பரைப் போக்கு உண்டு. அவற்றுக்கு மாட்டு ஈரலைத் தவிர்த்துக் கோழி ஈரல் கொடுங்கள்.

இதே இடத்தில் சொல்லிவிட வேண்டியது, மாட்டின் குரல்வளையும் அதைச் சுற்றிய கழுத்துக் கறியும். தைராய்டு சுரப்பி அதோடு ஒட்டி வரும். தொடர்ந்து தின்றால் நாய்க்குத் தைராய்டு கூடிப் போகும்: மெலியும், நிலைகொள்ளாமல் நடக்கும், தண்ணீராகக் குடிக்கும், நெஞ்சு படபடக்கும். உணவிலிருந்து நீக்கினால் சில வாரத்தில் இறங்கிவிடும்.

எந்த எலும்பு சரி, எது கூடாது?

வேகவைத்த எலும்பு எந்த நாய்க்கும் கூடாது. வெந்த எலும்பு நொறுங்கி ஊசிபோல் பிளந்து குடலைக் குத்தும். எலும்பு கொடுப்பதென்றால் பச்சையாக, நாய் பல்லால் நசுக்கக்கூடிய மெல்லிய எலும்பு மட்டும் கொடுங்கள்: கோழி இறக்கை, முதுகு, கழுத்து. ஆனால் பச்சைக் கோழிக்குக் கிருமி ஆபத்து உண்டு, அது கீழே வருகிறது.

மாடு, எருமை போன்ற கனத்த விலங்குகளின் தொடையெலும்பு, கால் எலும்பு வேண்டாம். நாயின் மேல்தாடையில் பக்கவாட்டில் ஒரு பெரிய கடைவாய்ப் பல் இருக்கிறதே, அது பலகைபோல் பக்கமாகச் சீவிக்கொண்டு உடைவது இந்த எலும்புகளால்தான். பல்கூழ் திறந்துகொள்ளும், நாயோ வலியைக் காட்டாமல் ஒரே பக்கமாக மெல்லும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சிறிதும் பதியாத எலும்பு பல்லையும் உடைக்கும்.

அவசரமாக விழுங்கும் நாய்க்குத் துண்டு எலும்பு ஆபத்து. நன்றாக அரைத்துக் கொடுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கப் பார்ப்பது, எச்சில் வடிவது, வயிற்றைத் தொடவிடாதது, மலம் போகாதது என்று தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எலும்பே வேண்டாம் என்று நினைக்கிறேன். கால்சியத்துக்கு வேறு வழி?

முட்டை ஓட்டுப் பொடி. ஓட்டைக் கழுவிப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, நன்றாகக் காயவிட்டு, மிக்சியில் விரலில் நெருடாத அளவு மாவாக அரைக்க வேண்டும். ஒரு கிராமில் சுமார் 380 மில்லிகிராம் கால்சியம். வளர்ந்த நாய்க்கு 500 கிராம் எலும்பில்லாக் கறிக்கு 3 முதல் 3.5 கிராம் போதும். எலும்பும் கொடுத்து இதையும் சேர்த்தால் மலம் கல்லாகிவிடும். குட்டிகளுக்கு இது மட்டும் போதாது. அவற்றுக்குப் பாஸ்பரசும் கூடுதலாக வேண்டும், முட்டை ஓட்டில் அது மிகக் குறைவு.

மலத்தைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

வெள்ளையாக, சுண்ணாம்புபோல் உதிர்ந்தால் எலும்பு அதிகம். நாய் முக்கினால் அன்றே எலும்பைக் குறையுங்கள். கருத்து, களிபோல் ஒட்டினால் பெரும்பாலும் ஈரலோ மற்ற உள்ளுறுப்போ கூடிவிட்டது. ஆனால் தார்போல் மின்னும் கருமை ரத்தமாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். மஞ்சளாக எண்ணெய்ப் பளபளப்போடு இளகினால் கொழுப்பு அதிகம்.

நாயின் வயிற்று அமிலம் கிருமியைக் கொன்றுவிடுமாமே?

முழுவதும் கொல்லாது. பல நாய்கள் சால்மோனெல்லா உள்ளே போயும் நோய்ப்படாமல் இருக்கின்றன. ஆனால் மலத்தில் அது சில நாள் உயிரோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். பின்புறத்தை நக்கிய நாக்கால் குழந்தையின் முகத்தை நக்கும். நாய் நலமாக இருப்பதாலேயே வீட்டிலுள்ளவர் யாரும் எச்சரிக்கையாக இருப்பதில்லை.

2010 முதல் 2012 வரை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கடையில் விற்கும் 196 பச்சை இறைச்சிச் செல்லப்பிராணி உணவு மாதிரிகளைச் சோதித்தது. 15-ல் சால்மோனெல்லா, 32-ல் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012 முதல் பச்சை இறைச்சியை ஊக்குவிக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

நாய்க்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. பச்சைக் கோழி, குறிப்பாகக் கோழிக் கழுத்து தின்னும் நாய்களில் கால்கள் செயலிழக்கும் நரம்பு நோய் அதிகமாக வருவதையும், அதற்குக் கேம்பிலோபேக்டர் கிருமியோடு தொடர்பு இருப்பதையும் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வு 2018-ல் காட்டியது. பின்கால் தளர்வதில் தொடங்கி, குரைக்கும் குரல் மாறும். தீவிரமானால் மூச்சுத் தசை வரை போகும். இந்த ஆபத்து கழுத்தைவிட இறக்கையில் குறைவு என்று சொல்ல ஆதாரம் இல்லை. கோழியை வேகவைத்துக் கொடுத்துக் கால்சியத்தை முட்டை ஓட்டிலிருந்து தருவதே எங்கள் பரிந்துரை.

ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடுமா?

பாக்டீரியா சாகாது, தூங்கும். குளிர் விட்டதும் எழுந்துவிடும். ஒட்டுண்ணிகள் பலவற்றை மட்டும் உறைகுளிர் கொல்லும், அதுவும் நாள் கணக்கோடு. 15 செ.மீ.க்கு மேல் தடிமன் இல்லாத பன்றிக்கறியில் டிரிக்கினெல்லா புழு சாக மைனஸ் 15 டிகிரியில் 20 நாள் ஆகும். ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் இருக்கக்கூடிய எக்கினோகாக்கஸ் நாடாப்புழுவின் கட்டிக்கு மைனஸ் 20-ல் பத்து நாளாவது வேண்டும். இந்தப் புழு நாயின் குடலில் வளர்ந்து, முட்டை மலத்தின் வழியே மனிதருக்குப் போனால் கல்லீரலில் நீர்க்கட்டியாக முளைக்கும். பரிசோதிக்கப்படாத ஆட்டு உள்ளுறுப்பைப் பச்சையாகக் கொடுக்கவே வேண்டாம். கொடுத்துவிட்டிருந்தால், பிராசிகுவான்டெல் உள்ள புழு மருந்து எப்போது வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். எல்லாப் புழு மருந்தும் இதைக் கொல்லாது.

பன்றிக்கறி, மீன், பறவைக் காய்ச்சல்?

பச்சைப் பன்றிக்கறியில் ஔஜெஸ்கி நோயின் வைரஸ் இருந்தால் நாய் அடங்காத அரிப்பில் தன்னையே கடித்துக் குதறி ஓரிரு நாளில் இறந்துவிடும், மருந்து இல்லை. பல நாடுகளில் வளர்ப்புப் பன்றிகளிடம் இதை ஒழித்துவிட்டார்கள், காட்டுப்பன்றியிடம் இன்னும் இருக்கிறது. காட்டுப்பன்றியை வேகவைக்காமல் தராதீர்கள்.

கெண்டை, ஹெர்ரிங், நெத்திலி போன்ற சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் அவற்றிலுள்ள தயமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழிக்கும். வேகவைத்தால் நொதி போய்விடும். எந்த மீன் என்று ஆராய்வதைவிட எல்லா மீனையும் வேகவைப்பது எளிது.

எச்5என்1 பறவைக் காய்ச்சலில் பூனைதான் அதிகம் சாகிறது. 2024-25-ல் அமெரிக்காவில் பச்சை உணவு தின்ற பூனைகள் இறந்தன. நாயும் தப்பிப்பதில்லை: 2023-ல் கனடாவில் காட்டு வாத்தைக் கடித்த நாய் ஒன்று இதே வைரஸால் இறந்தது. வீட்டில் பூனையும் இருந்தால் பச்சைக் கோழி நாயின் தட்டிலும் வேண்டாம்.

சமையலறையில் எப்படிக் கையாள வேண்டும்?

வாங்கியதும் ஒருநாள் அளவாகப் பிரித்துத் தட்டையான பொட்டலமாக மைனஸ் 18-ல் உறைய வையுங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் இளகும். இளகுவது 4 டிகிரி ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், விளிம்புள்ள பாத்திரத்துக்குள் நடக்கட்டும். மேடைமேல் வைத்து இளக்காதீர்கள். கோழியைக் குழாயடியில் கழுவ வேண்டாம், கழுவும் தண்ணீர் தெறித்துக் கிருமி சுற்றிலும் பரவும். இந்தக் கறிக்கென்று ஒரு பலகை, ஒரு கத்தி தனியாக இருக்கட்டும்.

கிண்ணம் எவர்சில்வரில் இருக்கட்டும். பிளாஸ்டிக்கின் கீறலுக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும். கழுவித் துடைக்கக்கூடிய தரையில் கிண்ணத்தை வைத்து, இருபது நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். மிச்சத்தைக் குப்பையில் போடுங்கள். முதலில் சோப்பும் வெந்நீரும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 4 மில்லி வாசனையில்லாத பிளீச் கலந்து துடைத்துக் காயவிடுங்கள். பிசுக்கு இருக்கும்போது பிளீச் வேலை செய்யாது, அதனால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. மலத்தை அன்றன்றே அள்ளுங்கள்.

யாருக்குப் பச்சை இறைச்சி கூடவே கூடாது?

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, 65 வயதைத் தாண்டியவர், கீமோதெரபியோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தோ எடுப்பவர் இருக்கும் வீட்டில் வேண்டாம். லிஸ்டீரியா கருவைக் கலைத்துவிடும். நாய்களில் கணைய அழற்சி வந்தவை, சிறுநீரகம் அல்லது கல்லீரல் பழுதானவை, ஸ்டீராய்டு எடுப்பவை, சினை நாய் ஆகியவற்றுக்கு வேண்டாம்.

குட்டிக்குக் கொடுக்கலாமா?

வீட்டுக் கணக்கில் வேண்டாம். வளர்ந்தபின் 32 கிலோவைத் தாண்டும் இனத்தின் குட்டிக்கு 1000 கிலோ கலோரிக்குக் கால்சியம் 3 கிராமுக்குக் குறையவும் கூடாது, 4.5 கிராமைத் தாண்டவும் கூடாது. குறைந்தால் எலும்பு முறியும், கூடினால் மூட்டு கோணலாகும். துண்டு எலும்பை வைத்து இந்த இடைவெளிக்குள் நிற்பது தேர்ந்தவர்களுக்கே கடினம். வளர்ச்சிக் காலத்துக்கானது என்று அச்சிட்ட முழுமையான உணவைக் கொடுத்து, வளர்ந்த பிறகு யோசியுங்கள்.

பழைய உணவிலிருந்து எப்படி மாற்றுவது?

ஏழு முதல் பத்து நாளில். முதல் மூன்று நாள் கால்பங்கு, அடுத்த மூன்று நாள் அரைப்பங்கு, பிறகு முக்கால். ஒரே வகைக் கொழுப்பு குறைந்த கறியில் தொடங்கி, ஈரலைக் கடைசியில் துளித்துளியாகச் சேருங்கள். உலர் உணவையும் கறியையும் ஒன்றாகப் போட்டால் செரிக்காது என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

ரத்தப் பரிசோதனை சரியாக வந்தால் உணவு சரி என்று அர்த்தமா?

இல்லை. எலும்பைக் கரைத்தாவது உடம்பு ரத்தக் கால்சியத்தைச் சரியான அளவில் பிடித்து வைக்கும். அறிக்கையில் கால்சியம் சரியாக இருக்கும்போதே எக்ஸ்ரேயில் எலும்பு மங்கித் தெரியலாம். சந்தேகம் இருந்தால் பாராதைராய்டு ஹார்மோன் அளவையும் எக்ஸ்ரேயையும் கேட்டு வாங்குங்கள். அதற்கும் முன்னால், ஒரு வாரம் நாய் தின்ற ஒவ்வொன்றையும் கிராமோடு எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். ரத்தத்தைவிட அந்தத் தாளிலேயே ஓட்டை சீக்கிரம் தெரியும்.

வேகவைத்தால் இதன் பலன் எல்லாம் போய்விடாதா?

பெரும்பாலும் போகாது. ரோமம் மின்னுவதும் மலம் குறைவதும் நல்ல புரதமும் கொழுப்பும் செய்யும் வேலை. வெந்த கறியிலும் அவை இருக்கின்றன. உள்வெப்பம் 74 டிகிரி வரும் வரை வேகவைத்து, வெந்த தண்ணீரையும் உணவிலேயே கலந்துவிடுங்கள். கரைந்த பி வைட்டமின்களின் பெரும்பகுதி அதில்தான் இருக்கும். எலும்பை நீக்கி முட்டை ஓட்டுப் பொடியைச் சேருங்கள். வெங்காயம், பூண்டு, உப்பு வேண்டாம். கிராம்களை வேகவைப்பதற்கு முன் நிறுத்துக்கொள்ளுங்கள், வெந்தால் நீர் இறங்கி எடை கால்பங்குக்கு மேல் குறையும்.